22 மீட்டர் தள்ளி நின்ற கம்பி: நீடாமங்கலம் பக்கத்து 160 மீட்டர் நிலையம் ஒன்றின் கதை

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமம். அங்கே ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் 160 மீட்டர் பட்டையில் (அலைநீளம் சுமார் 160 மீட்டர், அதாவது 1.8 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி நிலையம் வைத்திருக்கிறார். ஊருக்கு அவர் வாத்தியார், எனக்கு சார். கஜா புயலுக்கு அப்புறம் அவருடைய நிலையம் காது கேட்காமல் போனது. அனுப்பினால் போகிறது, எதிர்முனையில் எடுக்கிறார்கள், ஆனால் அவர்கள் திருப்பிச் சொல்வது இவருக்குக் கேட்கவில்லை. ஒரு மார்கழி முழுக்க இப்படியே போய், கடைசியில் என்னைக் கூப்பிட்டார். மூன்று நடை போனேன். அந்த மூன்று நடையில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் தாழ்ந்த பட்டைகளில் சின்ன இடத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் எல்லோருக்கும் இது ஒருநாள் வரும்.

முதலில் அவரிடம் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அனுப்புவதற்கு இன்வெர்டட் எல்: 16 மீட்டர் நேர்குத்தாகப் பனைமரத்தில் ஏறி, அங்கிருந்து 25 மீட்டர் படுக்கையாக இன்னொரு பனைக்குப் போகும் ஒரே செம்புக் கம்பி. ஆக 41 மீட்டர். 1.82 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் கிட்டத்தட்ட 165 மீட்டர், அதில் கால்வாசி இது. அடியில் மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில், எர்த்தாக நாலா பக்கமும் விரியும் 24 ரேடியல் கம்பிகள். டெல்டாவின் களிமண்ணும் சம்பாவுக்கு நிற்கும் தண்ணீரும் இந்த மாதிரி நேர்குத்து ஆன்டெனாவுக்குக் கிடைத்த வரம், அதனால்தான் வெறும் 100 வாட்டில் அவர் ஐரோப்பா வரைக்கும் போகிறார்.

கேட்பதற்குத் தனியாக ஒரு லூப், அதாவது வளைய ஆன்டெனா. 1997-ல் கே9ஏஒய் என்ற அழைப்புக் குறி கொண்ட கேரி ப்ரீட் எழுதி வெளியிட்ட வடிவம் அது. நடுவில் ஏழரை மீட்டர் கம்பம், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கி அடியில் வந்து சேரும் சுமார் 26 மீட்டர் கம்பி. ஒரு முனையில் கேபிளுக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மர், மறுமுனையில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வழியாக எர்த். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டு இரண்டு முனையையும் மாற்றினால் கேட்கும் திசை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகத் திரும்பும். வடமேற்குதான் சாருக்கு உயிர். நமக்குப் பொழுது விடியும் நேரம் ஐரோப்பாவில் நடுராத்திரி, அந்தக் கால் மணி அரை மணி நேரத்தில்தான் அங்கிருந்து சிக்னல் எழும்பி வரும். மார்கழியில் வங்காள விரிகுடாப் பக்கத்து இடிமின்னல் சத்தமும் ஓரளவு அடங்கியிருக்கும்.

அனுப்பும் ஆன்டெனாவிலேயே கேட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம். ஆனால் நேர்குத்துக் கம்பி நாலா திசையிலிருந்தும் இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். இந்தப் பட்டையில் சிக்னல் பலமாக இருக்கிறதா என்பது பெரிய விஷயமே இல்லை, இரைச்சலைவிட மேலே நிற்கிறதா என்பதுதான் விஷயம். லூப் சிக்னலைக் கொஞ்சமாகத்தான் பிடிக்கும், அனுப்பும் ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் 25 டெசிபல் போலக் குறைவு, அதாவது முந்நூறில் ஒரு பங்கு சக்தி. ஆனால் அதற்கு ஒரு செவிட்டுப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்து இரைச்சலை அது வாங்காது. மொத்த லாபமும் அந்தச் செவிட்டுப் பக்கத்தில்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது சாரின் கிழக்குக் கொல்லையில் இருந்த தென்னைகள் எல்லாம் சாய்ந்தன. பழைய இன்வெர்டட் எல் அந்தத் தென்னைகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, லூப்புக்கும் அதற்கும் 70 மீட்டருக்கு மேல் இடைவெளி. புயலுக்குத் தாக்குப்பிடித்தவை வீட்டையொட்டி நின்ற இரண்டு பனைகள் மட்டும். மறுவருஷம் மனசைத் தேற்றிக்கொண்டு அதே நீளக் கம்பியைப் பனையில் கட்டினார், லூப்பைப் பழைய இடத்திலேயே நிறுத்தினார். எல்லாம் பழையபடிதான் என்பது அவர் நினைப்பு. மாறியது இடைவெளி மட்டும். 22 மீட்டர்.

முதல் நடையில் நானும் அதைக் கவனிக்கவில்லை. லூப்பையே நோண்டிக்கொண்டிருந்தேன். ரெசிஸ்டரை அளந்தால் 470 காட்ட வேண்டியது 700-க்கு மேல் காட்டியது, கால் வாட் ரெசிஸ்டர், உடம்பில் கருகிய தடம். இதுதான் என்று சந்தோஷப்பட்டு 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன். அது ஏன் கருகியது என்று அப்போதே யோசித்திருந்தால் இரண்டு நடை மிச்சமாகியிருக்கும். கேட்பதற்கு மட்டுமே இருக்கிற ஒரு லூப்பில் ரெசிஸ்டர் சூடாக வழியே இல்லை, பக்கத்தில் 100 வாட் போகும்போது அதில் ஒரு பகுதி லூப்புக்குள் இறங்கினால் ஒழிய.

மறுநாள் காலை போன் வந்தது.

“தம்பி, திசையை மாத்துனா ரிலே டக்குன்னு அடிக்குது. ஆனா சத்தம் அப்படியேதான் இருக்கு. முன்னாடி எப்படி இருக்கும், பின்னாடி எப்படி இருக்கும்னு ஒரு வித்தியாசமும் இல்ல.”

இரண்டாம் நடையில்தான் உருப்படியாக ஒன்று கிடைத்தது. ரிசீவரைச் சும்மா கீழே இறக்கி 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலியை வைத்தேன். பட்டப்பகல், தரையோடு வரும் அலை, ஏற்ற இறக்கம் இல்லாமல் நிலையாக நிற்கும். திருச்சி அங்கிருந்து கிட்டத்தட்ட நேர்மேற்கு. லூப்பை வடமேற்கில் வைத்தால் ரிசீவரின் எஸ் மீட்டர் (சிக்னல் பலம் காட்டுவது) 9-க்கு மேல் 40 டெசிபல், தென்கிழக்குக்கு மாற்றினால் 25. பதினைந்து டெசிபல் வித்தியாசம்! லூப் பார்க்கும் திசைக்கு நேராக இல்லாமல் சாய்வாக இருக்கும் நிலையத்துக்கு அது பரிபூரணமான விடை. ஆக லூப், டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, ரெசிஸ்டர் எதிலும் குறையில்லை. அதே லூப் 1.82-ல் மட்டும் திசை தெரியாமல் நிற்கிறது. 936-ல் இல்லாத எது 1.82-ல் வந்து சேர்கிறது?

தலையைத் தூக்கிப் பார்த்தேன். பனையில் 41 மீட்டர் கம்பி. அது ஒத்ததிரும் இடம், அதாவது வரும் அலையோடு சேர்ந்து பலமாக அதிரும் இடம், சரியாக 1.82.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் “அனுப்பாத நேரத்தில் அது வெறும் கம்பிதானே” என்று நினைக்கிறார்கள். ஒத்ததிரும் கம்பிக்கு ஓய்வு கிடையாது. வெளியிலிருந்து வரும் அலை அதில் மின்னோட்டத்தை உண்டாக்கும், அந்த மின்னோட்டம் மறுபடியும் அலையை வீசும். வீட்டு வயரிங் இரைச்சலும் தூரத்து இடிச் சத்தமும் அதில் ஏறி, அங்கிருந்து பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் இறங்கும். லூப்பின் செவிட்டுப் பக்கம் எப்படி உண்டாகிறது என்றால், வளையமாகப் பிடிக்கும் சிக்னலும் நேர்குத்தாகப் பிடிக்கும் சிக்னலும் அந்தத் திசையில் சம அளவில் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிப்பதால். 20 டெசிபல் செவிடு என்றால் மின்னழுத்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் அழியாமல் மிச்சம். அந்த நுணுக்கமான தராசில் பக்கத்துக் கம்பி தன் பங்குக்கு இருபது முப்பது சதவீதத்தைக் கொண்டுவந்து கொட்டினால் செவிட்டுப் பக்கம் எங்கே மிஞ்சும்? தூரமும் சரியில்லை. அலைநீளத்தை 2 பை-யால் வகுத்தால் 26 மீட்டர். அதற்கு உள்ளே ஆன்டெனாவைச் சுற்றியுள்ள அருகுப் புலமே ஓங்கி நிற்கும், அங்கே இரண்டு ஆன்டெனாக்களைத் தனித்தனி என்று பேசவே முடியாது. நம் லூப் நின்றது 22-ல். அரை அலைநீளமாவது, அதாவது 80 மீட்டராவது தள்ளி வைப்பது நல்லது என்பார்கள். தென்னைகள் போன பிறகு சாரிடம் அவ்வளவு இடைவெளிக்கு வழி இல்லை.

காரணம் தெரிந்த மாதிரி இருந்தது. நிரூபிக்க வேண்டும். இரவு வரும் சிக்னல்களை வைத்து அளந்தால் மனசு என்ன விரும்புகிறதோ அதையே காது கேட்கும், ஆகவே நிலையான ஒரு சிக்னல் தேவை. பழைய கணினி சீரியல் கார்டுகளில் 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, ஒரு சின்ன ஆசிலேட்டர் சுற்று கட்டி, 9 வோல்ட் பேட்டரியும் இரண்டடிக் கம்பியும் வைத்து ஒரு டிபன் டப்பாவில் அடைத்தேன். சாரின் பேரன் அதை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்து வாய்க்கால் கரையோடு வடமேற்கே ஒரு 200 மீட்டர் கொண்டுபோய் நிறுத்தினான், அப்புறம் அதே தூரம் தென்கிழக்கே. லூப் திசையை மாற்றி மாற்றி மீட்டரைப் பார்த்தோம். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல்.

சரி, அனுப்பும் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பார்ப்போம் என்று ரிக்கின் (அனுப்பவும் கேட்கவும் உள்ள பெட்டியின்) பின்னால் இருந்த பிளக்கைக் கழற்றினேன். ஒன்றும் மாறவில்லை. அதே 3 டெசிபல். சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். என் கணிப்பு தப்பு என்றே அந்த நிமிஷம் தோன்றியது, அங்கேயே விட்டிருப்போம். சார்தான் விடவில்லை.

“கேபிள் எவ்வளவு நீளம் இருக்கும்னு நெனைக்கிற?”

இன்ச் டேப் பிடித்து வீட்டுச் சுவர் ஓரமாக அளந்தோம். 27 மீட்டர், ஆர்ஜி-213 ரகக் கேபிள். அந்தக் கேபிளுக்குள் அலையின் வேகம் வெளியில் இருப்பதில் 0.66 பங்கு. 41 மீட்டர் கால் அலைநீளம் கேபிளுக்குள் 27 மீட்டராகச் சுருங்கிவிடும். கால் அலைநீளக் கேபிளின் ஒரு முனையைத் திறந்து விட்டால் மறுமுனையில் அது ஷார்ட் போலத் தெரியும். ரிக் பக்கம் நான் பிளக்கைக் கழற்றிய கணத்தில் பனையடியில் ஆன்டெனா நேராக ரேடியல்களோடு இணைக்கப்பட்ட மாதிரி ஆகிவிட்டது, அதைவிடப் பிரமாதமாக அது ஒத்ததிர முடியாது! நானோவிஎன்ஏ என்ற சின்ன ஆன்டெனா அளவுக் கருவியை வைத்து ரிக்கின் ஆன்டெனா முனையையும் பார்த்தோம். தனி ரிசீவ் ஆன்டெனாவுக்கு மாற்றியிருக்கும்போது அந்த ரிக் பிரதான முனையைத் திறந்து விட்டுவிடுகிறது. ஆக பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், ஒரு மார்கழி முழுக்க பனையடி ஷார்ட்டில்தான் இருந்திருக்கிறது.

ஒரு பிளக்கை எடுத்து நடு ஊசியையும் வெளி உறையையும் சேர்த்து ஈயம் வைத்து, அதைக் கேபிளின் வீட்டு முனையில் மாட்டினோம். இப்போது வீட்டில் ஷார்ட், பனையடியில் கேபிள் இழப்பைக் கழித்துப் பார்த்தாலும் ஓரிரு ஆயிரம் ஓம், அதாவது கிட்டத்தட்ட திறப்பு. மீட்டரைப் பார்க்கும்முன்பே காதில் தெரிந்தது, ஸ்பீக்கரிலிருந்து வந்த அந்தக் கொரகொரப்பு பின்வாங்கிவிட்டது. பின் திசைக்கு மாற்றினால் டப்பா சிக்னல் 17 டெசிபல் இறங்குகிறது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று நான் பனையடிக்குப் போய்க் கேபிளை அங்கேயே கழற்றினேன், சார் உள்ளேயிருந்து போனில்.

“கழட்டிட்டேன் சார்.”

“இருப்பா… எறங்கிடுச்சு. இன்னும் கொஞ்சம் எறங்கிடுச்சு. மாட்டு. ஆங், ஏறிடுச்சு. கழட்டு.”

ஏழெட்டு தடவை கழற்ற வைத்தார். நாற்பது வருஷம் ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளை மூன்று அளவீடு எடுக்கச் சொன்ன மனிதர்.

தீர்வு என்ன என்பதில் இரண்டு யோசனை. வீட்டு முனையிலேயே ரிலே வைத்து, கேட்கும்போது கேபிளை ஷார்ட் செய்வது ஒன்று. பனையடியில் ரிலே வைத்து, கேட்கும்போது கம்பியை அறுத்துவிடுவது இன்னொன்று. முதலாவது வேலை குறைவு, ஆனால் அது கேபிளின் நீளத்தை நம்பி நிற்கிறது, நாளைக்கு யாராவது கேபிளை மாற்றினால் கதை கெட்டுவிடும். நாங்கள் பனையடியையே தேர்ந்தோம். 12 வோல்ட் ரிலே, மின்சாரம் வந்தால் மட்டும் மூடும் வகை. அனுப்பும்போது ரிக்கின் பிடிடி கோட்டிலிருந்து (அனுப்புகிறோம் என்று சொல்லும் இணைப்பு) அதற்குச் செய்தி. ரிலே மூட பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் ஆகும், அதற்குள் சக்தி கிளம்பினால் தொடுமுனை தீய்ந்துபோகும், ஆகவே ரிக்கின் மெனுவில் டிரான்ஸ்மிட் தாமதத்தை 30 மில்லிசெகண்டாக வைத்தோம். சிடபிள்யூ-வில் (மோர்ஸ் முறையில்) எழுத்துக்கு எழுத்து நடுவே கேட்கும் வசதி இதில் போய்விடும். சாருக்கு அது வருத்தம்தான், ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

எதிர்த்திசையையும் கவனிக்க வேண்டும், ரெசிஸ்டர் கருகியதே அதற்குச் சாட்சி. அனுப்பும்போது லூப்பிலிருந்து வரும் கேபிளை ரிசீவரிலிருந்து பிரித்து எர்த்துக்கு இழுக்கும் இன்னொரு ரிலேயை அதே கோட்டில் போட்டோம். ரிசீவர் வாயில் எதிரெதிராக இரண்டு டையோடு வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். திருச்சி வானொலி இவ்வளவு பலமாக வரும் இடத்தில் அந்த டையோடுகளே சிக்னல்களைக் கலந்து, இல்லாத நிலையங்களை உண்டாக்கும் அபாயம் உண்டு. எனக்கு ரிலேதான் பிடித்தது.

மூன்றாம் நடை, இரைச்சலின் மிச்சத்துக்கு. திசை சரியாகிவிட்டது, ஆனாலும் அடியில் ஒரு ரீங்காரம். லூப்பைக் கழற்றிவிட்டு கேபிள் முனையில் 75 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினேன். ரீங்காரம் போகவில்லை. கேபிளே ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம், அதன் வெளி உறை மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பியை ஒட்டிக்கொண்டே வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு சுற்றும் அடியில் பொது எர்த்தில் சேர்ந்திருந்தன. 73 ரக இரட்டைத்துளை ஃபெரைட்டில் கேபிள் பக்கம் 2 சுற்று, லூப் பக்கம் 5 சுற்று என்று ஒன்றையொன்று தொடாமல் புதிதாகச் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் 31 ரக ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கேபிளைப் பத்துச் சுற்று சுற்றி வைத்தேன். கடையில் கிடைக்கும் கிளிப் மாதிரி ஃபெரைட்டை ஒன்றிரண்டு மாட்டுவதால் 1.8-ல் பெரிய பயன் இல்லை, சுற்று எண்ணிக்கைதான் பேசும். ரீங்காரம் போயிற்று. எஸ் 7-ல் நின்ற இரைச்சல் ராத்திரி நேரத்தில் எஸ் 4-க்கு வந்தது.

லூப்புக்குப் பதில் பெவரேஜ் (தரையோடு படுக்கையாக ஓடும் நீளமான கேட்கும் கம்பி) போடலாமே என்று நடுவில் ஒரு நண்பர் கேட்டார். 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் பால் காட்லி அமெரிக்க அமெச்சூர் நிலையங்களை அட்லாண்டிக் தாண்டிப் பிடித்தது ஹரால்ட் பெவரேஜ் கண்டுபிடித்த அந்த நீளக் கம்பியில்தான். எனக்கும் அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது வேலை செய்வது தரை மோசமாக இருப்பதால். சுமாராக மின்சாரம் கடத்தும் தரையில் அலை கொஞ்சம் சாய்ந்து வரும், அந்தச் சாய்வைத்தான் படுத்திருக்கும் கம்பி பிடிக்கிறது. தண்ணீர் நிற்கும் சம்பா வயலில் அலை கிட்டத்தட்ட நிமிர்ந்தே வரும், கம்பிக்குக் கிடைப்பது சொற்பம். அனுப்பும் ஆன்டெனாவுக்கு வரமாக இருக்கும் அதே மண் இதற்கு வேண்டாத மண். தவிர 165 மீட்டர் கம்பி மூன்று பேர் வயலைத் தாண்டும், தை மாதம் அறுவடை மெஷின் வரும்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. 160-ல் எல்லாம் சரியான பிறகு சார் 80 மீட்டருக்குப் போனார். அங்கே அனுப்புவதற்கு மொட்டை மாடியில் தனி டைபோல் ஆன்டெனா, கேட்பது இதே லூப்பில். லூப் 3.6-ல் இன்னமும் திசை தெரியாமல் நின்றது. பனையடியில் கம்பி அறுந்துதானே இருக்கிறது, அப்புறம் என்ன?

விடையை அவரே சொன்னார். பேப்பரில் ஒரு கோடு போட்டார். அடியில் எர்த்தோடு சேர்ந்த 41 மீட்டர் கம்பி, ஒரு பக்கம் மூடிய காற்றுத்தம்பம் மாதிரி, கால் அலைநீளத்தில் ஒத்ததிரும். ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இசைக்கவையைத் தட்டிக் காட்டியது அதுதான். எர்த்தை அறுத்துவிட்டால் அது தஞ்சாவூர் வீணையின் தந்தி மாதிரி, இரண்டு முனையிலும் மின்னோட்டம் பூஜ்யம், அரை அலைநீளத்தில் ஒத்ததிரும். 41 மீட்டர் 3.6-க்குச் சரியாக அரை அலைநீளம். 160-க்கு ஊமையாக்க எதைச் செய்தோமோ அதுவே 80-க்கு அதை வாய்திறக்க வைக்கிறது. முன்பு 27 மீட்டர் கேபிள் இருந்தபோதும் இதே நிலைதான், 3.6-ல் அந்தக் கேபிள் அரை அலைநீளம், வீட்டில் திறந்திருந்தால் பனையடியிலும் திறப்பு. அதனால் 80-ல் கெட்டும் போகவில்லை, சரியாகவும் இல்லை, எப்போதும் இருந்த குறையாகவே இருந்திருக்கிறது.

அப்படியானால் 80-ல் கேட்கும்போது கம்பியை அறுக்கக் கூடாது, அடியை ரேடியலோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இரண்டாவது ரிலே ஒன்றைப் பனையடிப் பெட்டியில் சேர்த்தோம். மேஜைமேல் ஒரு திருகு சுவிட்ச்: 160-ல் வைத்தால் கேட்கும் நேரத்தில் கம்பி அந்தரத்தில் நிற்கும், 80-ல் வைத்தால் எர்த்தில் நிற்கும். டப்பாவில் 3.579 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மாற்றிப் போட்டு (பழைய பட்டன் தொலைபேசிகளில் கிடைக்கும்) பேரனை மறுபடி வாய்க்கால் கரைக்கு அனுப்பினோம். 4 டெசிபலாக இருந்தது 16 ஆனது.

பெட்டியில் இரண்டு வேலை பாக்கி. துளைகளில் சிலிகான் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கட்டெறும்பு ரிலேக்குள் குடியேறிவிடும். மூடியின் உள்பக்கம் எந்த ரிலே எந்தப் பட்டைக்கு என்று எழுதி ஒட்ட வேண்டும். எழுதுவதைச் சார் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், பெயின்ட்டில் எழுதுவாராம், பேனா மை நிற்காது என்று.